கிணறா, பாட்டாவா, பிரமாணமா? சொந்தக் கேள்விக்குச் சொந்தமாக விடை தேடும் மூன்று வழிகள்

குமரி மாவட்டத்தில் மணக்குடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை, கடலை ஒட்டி வீடு உள்ளவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஒரு கேள்வி கூடவே வரும். பழைய வீட்டை இடித்துவிட்டு இங்கேயே எடுத்துக் கட்டலாமா, இல்லை உள்ளே தள்ளி மனை பார்ப்பதா? பிள்ளைகள் எங்கே வாழ்வார்கள், பாட்டா (தாத்தா) தோண்டிய கிணற்றை யார் கையில் விடுவது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் ஒரு வீட்டுக்காக எந்த நிபுணரும் ஓராண்டு வந்து உட்காரப் போவதில்லை. அந்த வேலையை நீங்களே செய்யலாம், நன்றாகவும் செய்யலாம்.

வழிகள் மூன்று. அளந்து பார்ப்பது, பெரியவர்களிடம் கேட்பது, பழைய தாள்களைத் தேடுவது. ஆர்வத்தில் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறவர்கள் இரண்டாம் மாதமே விட்டுவிடுகிறார்கள். எதை முதலில், எதை எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு தாள் எழுதுங்கள். அதில் மூன்றே வரி: கேள்வி என்ன, இப்போது என் ஊகம் என்ன, எந்த விடை வந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரி எல்லாவற்றையும்விட முக்கியம். "இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகும் அடித்தண்ணீரின் உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் இங்கே வீடு கட்ட மாட்டேன்" என்பது போல எண்ணோடு இருக்கட்டும். மனத்துக்கு நெருக்கமான கேள்வியில் வருகிற விடையை நமக்குப் பிடித்த பக்கம் வளைத்துக்கொள்வது மிக எளிது. தேதி போட்டு எழுதிய தாள் அதற்கு இடம் கொடுக்காது.

அளப்பது

மூன்றில் மெதுவானது இதுதான், உறுதியானதும் இதுதான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஆகவே ஓராண்டுக்குக் குறைவான கணக்கு பாதிக் கணக்கு. வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்கு மழை, விழுமுன் தொடங்குவது நல்லது. வறண்ட கிணறு, இரண்டு மழை, மறுபடி கோடை என்று முழுச்சுற்றும் ஒரே நோட்டில் வந்துவிடும்.

தேவையானவை: 30 மீட்டர் டேப், சிறிய எவர்சில்வர் கிண்ணம், கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர், கண்ணாடிப் புட்டி, நைலான் கயிறு, கோடுபோட்ட நோட்டு.

நீர்மட்டம் அளக்க டேப்பின் நுனியில் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டுங்கள். மெல்ல இறக்கும்போது கிண்ணத்தின் வாய் தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று சத்தம் கேட்கும். இருட்டான கிணற்றிலும் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். கிண்ணத்தின் வாய் டேப்பின் சுழிக்கோட்டுக்கு எவ்வளவு கீழே தொங்குகிறதோ, அதை ஒவ்வொரு அளவோடும் கூட்ட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கிணற்றுச் சுவரில் ஒரு இடத்தில் பெயின்டால் குறி போட்டு, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே உயரம் இருக்காது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, விடியற்காலை, மோட்டார் போடுமுன். இரவெல்லாம் ஊறிய மட்டம்தான் கிணற்றின் உண்மையான மட்டம். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். கடலுக்கு மிக அருகே உள்ள கிணற்றில் ஏற்றவற்றமும் தெரியும். நம் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளா என்று ஒரு குறிப்பு இருந்தால் பிறகு குழப்பம் வராது.

ஒரு சென்டிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கவனம்? மணல் நிலத்தில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கிறது. உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.025, நன்னீருடையது 1. அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால், மேல்மட்டம் நிரந்தரமாக அரை மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் நாளடைவில் 20 மீட்டர் மேலே வரக்கூடும். இது சமமான மணற்படுகைக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு. பாறை குறுக்கிட்டால் மாறும். ஆனாலும் கிணற்றில் ஒரு முழம் இறங்கியதை ஏன் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது என்பது இதில் தெரியும்.

அடுத்தது உப்பு. மேலாக வாளியில் மொண்டு மீட்டரை வைத்தால் பொய் சொல்லும். உப்புநீர் கனமானது, அடியில் கிடக்கும். புட்டியின் அடியில் கல்லைக் கட்டி, வாயில் தக்கையைச் செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் புட்டிக்குள் நிறையும். முதலில் மேல்நீர், பிறகு நடு, கடைசியில் அடி. சேற்றுக்கு அரை மீட்டர் மேலேயே நிறுத்துங்கள். கலக்கிவிட்டால் அன்றைய அளவு வீண். போர்வெல்லில் புட்டி இறங்காது. மோட்டார் போட்டு, ஒவ்வொரு வாரமும் அதே பத்து நிமிடம் கழித்துக் குழாயில் பிடிப்பதுதான் வழி.

மீட்டரை மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில், நகைக்கடைத் தராசில் நிறுத்த 5 கிராம் உப்பைக் கரையுங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உள்ள நீர் அது. மீட்டர் 1,000 காட்டலாம், 1,400 பக்கமும் காட்டலாம். இரண்டு வகை மீட்டரும் விற்பனையில் உண்டு. மின்கடத்தலை எந்த எண்ணால் பெருக்கி உப்பாகச் சொல்கிறது என்பதில்தான் வேறுபாடு. எது காட்டினாலும் அது மாதாமாதம் மாறாமல் இருக்கிறதா என்பதே நமக்கு வேண்டியது. 1,400 காட்டுகிற மீட்டராக இருந்தால், தாளில் எழுதிய எல்லையோடு ஒப்பிடுமுன் அளவை 1.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மீட்டர் மாற்றினால் பழையதையும் புதியதையும் ஒரே நீரில் வைத்து, இரண்டு எண்ணையும் எழுதி வைக்க வேண்டும்.

மீட்டர் உப்பின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. செப்டிக் டேங்க் கசிந்தாலும், உரம் இறங்கினாலும் எண் ஏறும். அதனால் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் குளோரைடும் நைட்ரேட்டும் பாருங்கள். 2 லிட்டர் கேனை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கடல்நீரில் கரைந்த உப்பில் ஏறத்தாழ 55 சதவீதம் குளோரைடு. கரைந்த உப்பு 400-லிருந்து 1,400 ஆகி, குளோரைடும் 500-க்கு மேல் கூடியிருந்தால் கடலைச் சந்தேகிக்கலாம். குளோரைடு கொஞ்சமாக ஏறி, நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தால் முதலில் கக்கூஸ் குழியைப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர் மனை தேடி அலைய வேண்டியதே இல்லை, குழியை மாற்றினால் போதும். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கரைந்த உப்பு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை. குளோரைடுக்கு அதே போல 250-ம் 1,000-ம்.

ஒரு கிணற்றை மட்டும் அளந்தால் கிணற்றின் நோயா ஊரின் நோயா என்று பிரிக்க முடியாது. கடலிலிருந்து உள்நோக்கி ஒரே நேர்கோட்டில் மூன்று கிணறுகள், சுமார் 100, 300, 600 மீட்டரில், கிடைத்தால் போதும். மூன்றின் குறிகளையும் கொத்தனாரின் தண்ணீர் டியூப் பிடித்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். போன வழியே திரும்பி வந்து தொடங்கிய குறியில் முடிக்கவும் வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ டியூபில் காற்றுக்குமிழி நின்றிருக்கிறது, மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.

மழையை அளக்க 16 சென்டிமீட்டர் வாய் உள்ள புனலும் ஒரு கேனும் போதும். அந்தப் புனலுக்கு 20 மில்லிலிட்டர் தண்ணீர் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை. காலை 8.30-க்கு எடுங்கள், வானிலைத் துறையின் நேரமும் அதுவே, ஒப்பிட எளிது. தென்னைக்கு அடியில் வைக்காதீர்கள்.

தவறிய வாரத்தை ஊகத்தால் நிரப்பக் கூடாது. வெற்றுக்கோடு போடுங்கள். 52-ல் 44 உண்மையான அளவு, 52 பாதிப்பொய்யைவிடப் பல மடங்கு பயன்படும்.

கேட்பது

அளப்பது இன்றிலிருந்து முன்னோக்கிப் போகும். 1970-ல் இந்தக் கிணறு எப்படி இருந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். அதனால் மூன்று வழியில் அவசரமானது இது. அளவெடுப்பை அடுத்த ஆண்டும் தொடங்கலாம். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டா இருப்பாரா என்பது நம் கையில் இல்லை. முதல் இரண்டு வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள் என்பது எங்கள் கருத்து.

"பாட்டா, அந்தக் காலத்துல தண்ணி நல்லா இருந்துதா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "இனிக்கும்டே" என்றுதான் சொல்வார். அது தண்ணீரைப் பற்றிய தகவலா, இளமையைப் பற்றியதா என்று பிரிக்க முடியாது. பொருளைக் கேளுங்கள். வாளிக்கயிறு எத்தனை முழம்? கோடையில் கயிற்றைக் கூட்டிக் கட்டினீர்களா? கிணற்றில் எத்தனை உறை (சுற்றுவளையம்) இறங்கியிருக்கிறது, கடைசியாக உறை இறக்கியது எப்போது? எந்த மாதம் தூர் வாருவீர்கள்? சோறு வடிக்க எந்தக் கிணறு, துணி துவைக்க எந்தக் கிணறு? முழம் சுமார் ஒன்றரை அடி. 14 முழக் கயிறு 10 முழமாகக் குறைந்திருந்த மாதம் தெரிந்தால், உங்கள் டேப் அளவோடு நேராக ஒப்பிடலாம்.

ஆண்டைக் கேட்காதீர்கள், ஆண்டை நீங்களே கண்டுபிடியுங்கள். "கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்பது நினைவை மாட்டிவைக்க வீட்டுக்குள் உள்ள ஆணி. ஊருக்குப் பொதுவான ஆணிகள் நம் மாவட்டத்தில் நிறையவே உண்டு: 1956 நவம்பர் 1-ல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது, 1966-ல் மாத்தூர் தொட்டிப்பாலம், 1970-ல் விவேகானந்தர் மண்டபம், 1979-ல் ரயில், 2000 ஜனவரி 1-ல் வள்ளுவர் சிலை, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். "ரயில் வருமுன்னாடியே கரிச்சுதா?" என்றால் பதில் பத்தாண்டுக்குள் வந்து நிற்கும்.

ஆனால் பெரிய நிகழ்வு நினைவை இழுத்துக்கொள்ளும். "சுனாமிக்குப் பொறவுதான் எல்லாம்" என்று கடலோரத்தில் பலரும் சொல்வார்கள். அலை ஏறிய கிணறுகள் உப்பானது உண்மை. அப்படிப்பட்ட கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உப்பும் மேலேறி வரும், அதுவும் உண்மை. ஆனாலும் அலையே எட்டாத கிணற்றுக்கும் அதே காரணம் சொல்லப்பட்டால், அந்த ஆணியை நம்பாமல் வேறு ஆணியில் மாட்டிப் பாருங்கள். இருவரைச் சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொல்வதை மற்றவர் ஒத்துக்கொண்டுவிடுவார். தனித்தனியாகக் கேட்க வேண்டும், முடிந்தால் கிணற்றடியிலேயே. நடந்துகொண்டே கேட்டால், "இன்னா, இங்க ஒரு குளம் கெடந்துது" என்று கை நீட்டுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அது வராது.

போனில் பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், அன்றிரவே எழுதிவிடுங்கள். எழுதும்போது சொல்லை மாற்றாதீர்கள். விளவங்கோட்டுப் பக்கம் 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர்தான். "கெணத்துல வெள்ளம் கேறிச்சு" என்று பாட்டி சொன்னதை நாகர்கோவில்காரப் பேரன் "வெள்ளம் புகுந்தது" என்று எழுதிவிட்டால், நடக்காத ஒரு பேரிடர் நோட்டில் ஏறிவிடும்.

தாள் தேடுவது

தாள் காத்திருக்கும், அதனால் இது கடைசி. மழைக்காலத்து ஓய்வில் செய்யலாம்.

வீட்டு அலமாரியிலிருந்து தொடங்குங்கள். 1956-க்கு முந்தைய பிரமாணங்கள் (சொத்துப் பத்திரங்கள்) திருவிதாங்கூர்க் காலத்தவை. மலையாளத்தில் இருக்கலாம், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். மாற்றும் கணக்கு: ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. கொல்லம் 1099 ஆடியில் வந்த பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. ஆனால் 1100 ஆவணியும் அதே 1924-தான். கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுகிறவர்கள் ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள எல்லாப் பத்திரத்தையும் ஓராண்டு தள்ளிவிடுகிறார்கள்.

பிரமாணத்தில் விலையைவிட நான்கெல்லையும் விவரமும்தான் நமக்கு முக்கியம். "கிழக்கு காயல்", "தெற்கு உப்பளம்", "கிணறு ஒன்று, தென்னை 40 மூடு" என்றெல்லாம் இருக்கும். வயலாக எழுதப்பட்ட இடம் அடுத்த பத்திரத்தில் விளை (மேட்டுத் தோட்டம்) ஆகியிருந்தால் நடுவில் நீர் மாறியதா என்று கேட்கத் தோன்றும். ஒரு எச்சரிக்கை: எல்லையைப் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே படியெடுக்கும் வழக்கம் எழுத்துக்காரர்களிடம் உண்டு. பத்திரத்தில் குளம் இருப்பதாலேயே அந்த ஆண்டில் குளம் இருந்தது என்று ஆகாது. எந்தப் பத்திரத்தில் அது முதன்முதலாக வருகிறது, எதில் மறைகிறது என்று தொடராகப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னாதாரங்கள், அதாவது அந்த மனையின் முந்தைய பத்திரங்கள், எல்லாம் வேண்டும். கைவசம் இல்லாதவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் நகலும் கேட்கலாம். மன்னர் காலத்து அரசுப் பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம் வரை போக நேரும்.

நிலத்தடி நீர் மட்டத்துக்கு அரசே கண்காணிப்புக் கிணறுகள் வைத்திருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. உங்கள் ஊருக்கு அருகே உள்ள கிணற்றின் பழைய அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "நிலத்தடி நீர் நிலவரம் தருக" என்று எழுதினால் பொதுவான ஒரு பக்கம்தான் வரும். கிணற்றின் எண், ஊர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மட்டமும் குளோரைடும் என்று பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி குடும்பத்தைப் பற்றியதானால்

"நாம் எங்கிருந்து வந்தோம்?" என்று தேடுகிறவர்களுக்கு அளப்பதில் பயனில்லை. அங்கே பாட்டாவும் தாளும்தான், வரிசையும் அதுவே. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் பணி தொடங்கியதிலிருந்து சீர்திருத்த சபைகள் வளர்ந்த ஊர்களிலும், கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளிலும் ஞானஸ்நானப் பதிவேடு நல்ல கைவிளக்கு. பாட்டாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் இரண்டு தலைமுறையை ஒரே ஆளாக எண்ணும் பிழை அடிக்கடி நேரும். பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் ஒத்துவந்தால் மட்டுமே ஒருவரென்று கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் 1926-ல் சட்டம் மாறும்வரை மருமக்கள் வழி இருந்தது. சொத்து காரணவரிடமிருந்து (குடும்பத்தை நடத்திய தாய்மாமன்) மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போனதால், அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு பத்திரம் தேடினால் இரண்டாம் தலைமுறையிலேயே நூல் அறும். தாய்மாமன் பெயரைப் பிடிக்க வேண்டும். ஒற்றி, கடன், சாதி என்று வீட்டில் பேசாத விஷயங்களும் தாளில் வரும். வாசித்துக் காட்டுமுன் அந்த வீட்டுப் பெரியவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றும் மோதும்போது

ஆண்டு முடிவில் இப்படி வந்து நிற்கலாம்: பாட்டா "நல்ல தண்ணி" என்கிறார், பிரமாணம் "தெற்கு உப்பளம்" என்கிறது, உங்கள் புட்டி மேலே 450, அடியில் 1,900 காட்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பாட்டாவின் நாளில் கிணறு ஆழம் குறைவு. கயிறும் வாளியும் மேலாக மிதந்த நன்னீரை மட்டும் மொண்டன. பிறகு உறை இறக்கி ஆழப்படுத்தி, மோட்டாரின் புட்வால்வை (தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) அடியில் கொண்டு வைத்தாகிவிட்டது. அது உறிஞ்சுவது உப்பளத்துப் பக்கத்துத் தண்ணீரை. மனை பார்க்கப் புறப்படுமுன் புட்வால்வை மூன்றடி மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஓட்டாமல், காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் இறையுங்கள். மட்டம் இறங்கி வால்வு காற்று வாங்கினால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நான்கு வாரம் இப்படி ஓட்டி, அதே கிழமை விடியற்காலையில் மேல், நடு, அடி மூன்றையும் எடுத்து, தேதி போட்ட அந்த முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.